நீல லாம்புக்குக் கண்ணாடி பூட்டிய கதை

சாப்பிட்டுக்கொண்டே வாசிக்கிற பழக்கம் உள்ளவர்கள் முதலில் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு வாருங்கள். நான் எழுதப்போவது சளியைப் பற்றி. அதுவும் சயரோகக்காரர் காறித் துப்பிய சளி. பாக்கியரத்தினம் என்ற மனிதரைப் பற்றி எழுதுவதென்றால் அங்கிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது.

நான் திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் கிளாக்கராக இருந்தவன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். துறைமுகத்தைப் பார்த்த மேட்டில், மற்ற வாட்டுகளிலிருந்து ஒதுக்கிக் கட்டிய சயரோக வாட்டு ஒன்று அங்கே இருந்தது. இருபத்திரண்டு கட்டில், இரண்டு பக்கமும் ஆளுயரச் சன்னல்கள். நான் இருந்து எழுதுகிற கந்தோர் அதற்கு நேர் எதிரே. ஆனால் வாட்டுக்குள் நான் பத்தடிக்கு மேல் போனது கிடையாது. கதவடியில் நின்று, கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இண்டைக்கு எத்தினை பேர்?" என்று கத்திக் கேட்டு எழுதிக்கொண்டு திரும்பிவிடுவேன். உள்ளே இருமுவார்கள் பாருங்கள், அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குத் தொண்டைக்குள் ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல இருக்கும்.

பாக்கியரத்தினம் அந்த வாட்டின் அற்றெண்டன், நோயாளருக்கு ஊழியம் பார்க்கிறவர். ஊர் சல்லி என்கிற கடற்கரைக் கிராமம், குடும்பத்தொழில் மீன்பிடி. பன்னிரண்டு வயதில் தகப்பனோடு முதல்முறை வள்ளத்தில் போனவர், சூடை மீன் வெடுக்குத் தாங்காமல் வள்ளத்துக்குள்ளேயே வாந்தி எடுத்தாராம். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் தகப்பன், "நீ கரையில நில்லடா, கடலை நாறடிக்காத" என்று இறக்கி விட்டுவிட்டார். பிறகு வெள்ளைக்காரக் கடற்படைக்காரரிடம் கப்பலுக்குப் பெயின்ற் அடிக்கப் போனார். பெயின்ற் மணம் அவருக்குச் சந்தனம் மாதிரி. ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போனபோது அந்த வேலையும் போனது. யாரையோ பிடித்து அரசாங்க வேலை எடுத்தார். எச்சிலைக் கண்டால் குடல் புரளுகிற மனிதருக்குக் கிடைத்தது எச்சில் அள்ளுகிற வேலை. தலையெழுத்து என்று சொல்லுவது இதைத்தான்.

அந்தக் காலத்தில் எங்கள் வாட்டில் துப்புவதற்குச் சிரட்டைதான். அரைச் சிரட்டைக்கு மரத்தூள் போட்டு ஆளுக்கொன்று கட்டிலடியில் வைப்பார்கள். விடிய அதை எல்லாம் வாளியில் அள்ளிக்கொண்டுபோய், பின்னுக்கு நின்ற தகரப் பீப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தவேண்டும். முதல் மூன்று மாதம் பாக்கியரத்தினம் ஒவ்வொரு நாளும் மதிலடியில் குனிந்து நின்று சத்தி எடுத்ததை நான் கந்தோர் சன்னலால் பார்த்திருக்கிறேன். எடுத்துவிட்டு வாய் கொப்பளித்து, கார்போலிக் சவர்க்காரம் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, மறுபடியும் உள்ளே போவார். ஒரு சிரட்டையையாவது தவறவிட்டதில்லை. வாட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். எதைக் கண்டாலும் "சீச்சீ" என்பார். எவனாவது வெற்றிலையை மென்று பஸ்சுக்குள் இருந்து துப்பினால் இறங்கிப்போய்ச் சண்டை பிடிப்பார். அதனால் "சீச்சீப் பாக்கியம்" என்று பெயர் வைத்தோம். வைத்தவனே நான்தான்.

அவருக்கு ஒரே பயம் வீட்டில் இருந்த மகள். இரத்தினேஸ்வரி, அப்போது ஐந்து வயது. வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக் கிணற்றில் தலையில் வார்த்து, உடுப்பை மாற்றி, வேலை உடுப்பைச் சாக்கில் கட்டி வாட்டிலேயே விட்டுவிட்டுத்தான் சல்லிக்குச் சைக்கிளை மிதிப்பார். வீட்டுக்குப் போயும் பிள்ளையை முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சமாட்டாராம். "காத்தில வாறதுக்கு நான் என்ன செய்யிறது ஐயா? கையைக் கழுவலாம், காத்தைக் கழுவேலுமே?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

காற்றைக் கழுவவும் ஒரு சாமான் இருந்தது. வெள்ளைக்காரன் போகும்போது தன் ஆஸ்பத்திரிச் சாமான்கள் கொஞ்சத்தை எங்களிடம் தள்ளிவிட்டுப் போனான். இரண்டு அலுமாரி, மலப்பாத்திரங்கள், அவற்றோடு ஆறு நீட்டுத் தகரப் பெட்டிகள். பெட்டிக்குள் குழல் லாம்பு. சுவரில் ஏழெட்டு அடி உயரத்தில், வாய் மேலே பார்க்கப் பூட்டவேண்டும். வெளிச்சம் முகட்டுப் பக்கம் மட்டும்தான் போகும், கட்டிலில் கிடப்பவர்மேல் படாது. மின்விசிறி சுற்ற, இருமலோடு வந்த கிருமி காற்றோடு மேலே போய் அந்த வெளிச்சத்தில் அகப்பட்டுச் சாகும். கண்ணுக்குத் தெரிகிற நீலம் சும்மா அடையாளத்துக்கு. கிருமியைக் கொல்லுவது கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கதிர். இவ்வளவும் பெட்டியோடு வந்த இங்கிலிஷ் தாளில் எழுதியிருந்தது. தாளைக் கந்தோர்க் கோவையில் போட்டு வைத்தவன் நான். முதல் பக்கம் மட்டும்தான் வாசித்தேன்.

லாம்பு பூட்டியதும் பாக்கியரத்தினம் புது ஆளானார். லாம்புக்குப் பக்கத்தில் மின்வயர் தீய்ந்ததுபோல மெல்லிய ஒரு மணம் வரும். அது அவருக்குப் பெயின்ற் மணத்துக்கு அடுத்தபடி. மாதம் ஒருமுறை ஏணி வைத்து ஏறி, குழலை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது அவர் வேலை. ஒருமுறை நிற்பாட்ட மறந்து எரிய எரியத் துடைத்துவிட்டார். அன்று பின்னேரம் கண் இரண்டும் இரத்தமாகச் சிவந்து, மண் அள்ளிக் கொட்டினதுபோல இரண்டு நாள் துடித்தார். எங்களுக்குச் சிரிப்பு. அவர் கோபப்படவில்லை. "நல்ல சாமான் ஐயா. எனக்கே இப்பிடிக் கடிச்சதெண்டால் கிருமிக்கு எப்பிடிக் கடிக்கும்?" என்றார்.

வினை பல்லியால் வந்தது. ஐம்பத்தொன்பது ஐப்பசியில் முதல் மழை பெய்ய, ஈசல் கிளம்பி நீல வெளிச்சத்துக்கு மொய்த்தது. ஈசலைத் தின்னப் பல்லிகள் வந்தன. முகடு முழுக்கப் பல்லி. அதில் ஒன்று, சம்பூரிலிருந்து வந்து கிடந்த இரத்தினசிங்கம் என்ற வயல் செய்கிற கமக்காரரின் உச்சந்தலையில் பொத்தென்று விழுந்தது. தலையில் பல்லி விழுந்தால் மரணம் என்று பஞ்சாங்கத்தில் இருக்கிறது. மனிதர் நாலாம் நாள் செத்துப்போனார். அவருக்கு இரண்டு நுரையீரலும் அரித்துப்போய், பல்லி விழாவிட்டாலும் அந்தக் கிழமை தாண்டாத நிலை. அதை யார் கேட்டார்கள்? வாட்டு ஒரே அமளி. லாம்பைக் கழற்று, இல்லாவிட்டால் துண்டு வெட்டி அனுப்பு, வீட்டுக்குப் போகிறோம் என்று நின்றார்கள். கிண்ணியாக் கடைக்காரர் அபூதாஹிர் மட்டும், "பலனும் இல்லை பஞ்சாங்கமும் இல்லை, பல்லியை அடிக்கிறதுதான் நன்மை" என்று செருப்பைக் கையில் எடுத்துக் கட்டில் கட்டிலாக ஏறிப் பாய்ந்து, மூச்சு முட்டி இரத்தம் கக்கினார். பலனை நம்பியவர்களும் நம்பாதவரும் சேர்ந்து பெரிய டொக்டரின் உயிரை எடுத்தார்கள்.

பெரிய டொக்டருக்கு ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்து வைப்பார். அவருக்கு யோசனை சொன்னேன். "பெட்டியின்ர வாய்க்குக் கண்ணாடி போட்டு, சுத்திவரப் பட்டி அடைச்சுவிட்டால் பூச்சி உள்ள போகாது சேர். பூச்சி இல்லையெண்டால் பல்லிக்கு அங்க என்ன வேலை? வெளிச்சம் வழமைபோல வரும்." டொக்டர் என் தோளில் தட்டினார். சன்னலுக்குப் போடுகிற சாதாரணக் கண்ணாடியை அளவாக வெட்டுவித்தேன். ஏணியில் ஏறிப் பூட்டியது பாக்கியரத்தினம். அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொன்ன வேலையைச் செய்தார். ஈசல் காலம் தானாகவே முடிந்தது, பல்லி குறைந்தது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான். எல்லோரும் கிளாக்கரின் மூளையே மூளை என்றார்கள். நானும் அதை நம்பினேன்.

அடுத்து வாடைக்காற்று தொடங்கியது. நெஞ்சு நோய்க்காரருக்கு வாடை ஆகாது என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த வைத்தியம். முந்திய வருடங்களில் வாட்டுத் தாதியான மிஸி நின்று சண்டை பிடித்துச் சன்னலைத் திறப்பிப்பார். இப்போது, கிருமி கொல்லுகிற லாம்பு இருக்கும்போது காற்று எதற்கு என்று அவரும் விட்டுவிட்டார். ஆளுயரச் சன்னல் எல்லாம் இழுத்துச் சாத்தி, இடுக்கில் பழந்துணி செருகி, இருபத்திரண்டு பேரும் ஒருவர் இருமியதை ஒருவர் மூச்சாக இழுத்துக்கொண்டு, மேலே நீலமாக எரிவதைப் பார்த்துத் திருப்தியாகக் கிடந்தார்கள். கதவைத் திறந்தால் ஈரச் சாக்கு மாதிரி ஒரு நாற்றம் வந்து முகத்தில் அடிக்கும்.

தை மாதம் பாக்கியரத்தினம் கந்தோருக்கு வந்தார். கதவுக்கு வெளியேதான் நின்றார், தன் மூச்சு என்மேல் படக்கூடாதென்று.

"கிளாக்கர் ஐயா, அந்த லாம்பு செத்துப்போச்சு."

"எரியுது தானே?"

"எரியுது. ஆனால் செத்துப்போச்சு. மணம் இல்லை. நேற்று எரிய எரியக் கண்ணாடி துடைச்சனான். கண்ணுக்கு ஒண்டும் செய்யேல்லை. இண்டைக்கு வேணுமெண்டே ஏணியில ஏறி அரை மணித்தியாலம் அதையே பாத்துக்கொண்டு நிண்டனான். ஒண்டுமில்லை. முந்திப் பாத்தால் ரெண்டு நாள் கண் திறக்கேலாது. கடிக்காத நாயைக் காவலுக்குக் கட்டி என்ன பிரயோசனம்? கண்ணாடிதான் ஐயா மறிக்குது. கழட்டச் சொல்லுங்கோ."

"நீர் என்ன, டொக்டருக்குப் படிச்சனீரோ?" என்றேன்.

அவர் போகவில்லை. ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். இங்கிலிஷில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கினேன். தமிழில் கோணல் மாணலாக, நாக்கைக் கடித்துக்கொண்டு வைத்தார். அவர் போனபிறகு கோவையை எடுத்து, அந்தத் தாளின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். சாதாரணக் கண்ணாடியால் மூடக்கூடாது, மூடினால் கதிர் முழுவதும் மறிபடும், நீல வெளிச்சம் மட்டும் வரும் என்று தடித்த எழுத்தில் இருந்தது. ஸ்பிரிட் போத்தலும் ஒரு சீலைத் துண்டும் தவிரக் கையில் எதுவுமில்லாத மனிதர், தன் கண்ணைக் கொடுத்துக் கண்டுபிடித்ததும் அதுதான்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்கள். பூசாரி நான். மனுவை அனுப்பினால், கண்ணாடி யார் யோசனை என்ற கேள்வி வரும். தாள் யாரிடம் இருந்தது என்ற கேள்வி வரும். எனக்குப் பதவி உயர்வு வரப்போகிற வருடம் அது. மனுவையும் தாளையும் ஒன்றாகக் கட்டி அலுமாரியின் அடித்தட்டில் வைத்தேன். பாக்கியரத்தினம் மாதாமாதம் வந்து "கொழும்பிலயிருந்து பதில் வந்ததோ ஐயா?" என்று கேட்பார். "வரும், வரும்" என்பேன். ஒருநாள் அவரே கண்ணாடியைக் கழற்றப் போயிருக்கிறார். நோயாளர்கள் ஏணியைப் பிடித்து ஆட்டி, பல்லியைக் கூப்பிட வந்தாயா என்று கெட்ட வார்த்தையால் ஏசி இறக்கிவிட்டார்களாம். பெரிய டொக்டர் ஓய்வுபெற்றுப் போய், அவருடைய கதிரையும் காலியாகக் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆவணியில் வாட்டுக் கூட்டுகிற றஹ்மா இருமத் தொடங்கினாள். மூதூர்ப் பெண், புருசன் இல்லை, மூன்று பிள்ளை. அடுத்த மாசியில் பாக்கியரத்தினமும் சிரட்டையில் இரத்தம் துப்பினார். எந்த மூச்சில் யாருக்கு ஏறியது என்று எந்த டொக்டராலும் சொல்ல ஏலாது. லாம்பு சரியாக எரிந்திருந்தாலும் வந்திருக்கலாம். அதைச் சொல்லித்தான் அந்த வருடம் முழுவதும் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். எச்சில் காசில் சோறு தின்கிறவனுக்கும் இதைவிட மானம் இருக்கும்.

அவரைத் தன் வாட்டிலேயே, கடைசிக் கட்டிலில் போட்டார்கள். துடைத்துத் துடைத்துப் பழகிய லாம்புக்கு நேர் கீழே. மகளின் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்ததில் அவளுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த அன்று, கட்டிலில் கிடந்தபடியே வாய்விட்டு அழுதாராம். மற்றபடி, தன் சிரட்டையைத் தானே மரத்தூளால் மூடி, யாரும் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார். தான் துப்பியதைப் பார்த்தும் "சீச்சீ" என்பாராம். மிஸி சொல்லிச் சிரித்தார்.

வைகாசியில் கொழும்பிலிருந்து நெஞ்சு நோய் நிபுணர் ஒருவர் பரிசோதனைக்கு வந்தார். வாட்டுக்குள் கால் வைத்தவர் முதலில் சன்னல்களைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "இந்தக் கண்ணாடியை எந்த முட்டாள் பூட்டினது?" என்று இங்கிலிஷில் கத்தினார். புதிதாக வந்திருந்த டொக்டர் என்னைப் பார்த்தார். மிஸியும் என்னைப் பார்த்தார்.

"அற்றெண்டன் பாக்கியரத்தினம், சேர். அவர்தான் ஏணி வைத்துப் பூட்டினவர்" என்றேன். இங்கிலிஷில்தான் சொன்னேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இவ்வளவு சுத்தமான உண்மையை என் வாழ்நாளில் நான் சொன்னதே இல்லை.

"எங்கே அந்த ஆள்?"

கடைசிக் கட்டிலைக் காட்டினேன். நிபுணர் திரும்பிப் பார்த்தார். பாக்கியரத்தினத்துக்கு இங்கிலிஷ் தெரியாது. லாம்பைக் காட்டிக் கதைக்கிறார்கள், கிளாக்கர் ஐயா தன்னைக் காட்டுகிறார், பெரிய மனிதர் தன்னைப் பார்க்கிறார். இதுதான் அவருக்குத் தெரிந்தது. தன் மனு போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். தட்டுத்தடுமாறி எழும்பியிருந்து, இரண்டு கையும் கூப்பி அந்த நிபுணரைக் கும்பிட்டார். பிறகு என்னையும் கும்பிட்டார்.

அன்றைக்கே கண்ணாடிகளைக் கழற்றினார்கள். சன்னல்களையும் திறந்தார்கள்.

ஆடியில் அவர் பெயருக்குக் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஊசியும் மாத்திரையுமாகத் தேறி, எழும்பி நடக்கத் தொடங்கியிருந்தார். உறையைப் பிரிக்காமல் அப்படியே என்னிடம் கொண்டுவந்தார். "இங்கிலிஷில கிடக்கு, வாசிச்சுச் சொல்லுங்கோ ஐயா."

அனுமதியின்றி உபகரணத்தை மூடிப் பயனற்றதாக்கிய அற்றெண்டன் பாக்கியரத்தினம் கடுமையாக எச்சரிக்கப்படுகிறார், இனி எந்த வாட்டிலும் அவரை வேலைக்கு வைக்கக்கூடாது, தோட்ட வேலைக்கு மாற்றவேண்டும் என்று எழுதியிருந்தது.

"என்னவாம் ஐயா?"

"நீர் கண்ணாடி விசயத்தைக் கண்டுபிடிச்சதுக்கு நன்றி சொல்லியிருக்கினம்" என்றேன். "உம்மட நெஞ்சுக்கு நல்ல காத்து வேணுமாம். அதுதான் தோட்டத்துக்கு மாத்தியிருக்கினம்."

அவர் கடிதத்தை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். "நீங்கள் சொல்லாட்டி ஆர் ஐயா எனக்காகச் சொல்லியிருப்பினம்?" என்றார். அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த பதினொரு வருடமும், ஆஸ்பத்திரித் தோட்டத்தில் முதலில் பழுக்கிற பப்பாசி என் மேசைக்கு வரும். கார்போலிக் சவர்க்காரத்தால் கழுவிய கையால், தாளில் சுற்றிக் கொண்டுவந்து வைப்பார். நான் அதைச் சாப்பிட்டேன். எனக்கு ஒருநாளும் சத்தி வரவில்லை. ருசியாகவும் இருந்தது. அவரைச் சீச்சீப் பாக்கியம் என்று சொல்லிச் சிரித்த வாயால்தான் சாப்பிட்டேன்.

எழுபத்தாறாம் ஆண்டு அவர் நெஞ்சுவலி வந்து திடீரென்று இறந்துபோனார். செத்த வீட்டுக்குச் சல்லிக்குப் போனேன். சின்ன வீடு. கருவாடு காயப்போடுகிற ஊரில் அந்த வளவுக்குள் மட்டும் கருவாட்டு மணம் இல்லை. உள் சுவரில், முத்துமாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில், சட்டம் போட்டு அந்தக் கடிதம் தொங்கியது. பூமாலைகூடப் போட்டிருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு கிழவர் அதைக் காட்டி, "கொழும்பில இருந்து வந்த மரியாதைக் கடிதம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இரத்தினேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். அப்போது நிலாவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் ரீச்சராக இருந்தாள். நான் கடிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதை அவள் பார்த்திருக்கவேண்டும்.

"இதை அப்பாவுக்கு முதலில வாசிச்சுச் சொன்னது நீங்கள்தானே ஐயா?"

"ஓம்" என்றேன்.

"எனக்குப் பதினைஞ்சு வயசில, நான் இங்கிலிஷ் படிக்கிறன் எண்டு அப்பாவுக்குப் பெரிய புழுகம், சந்தோசம். சட்டத்தைக் கழட்டிக் கொண்டுவந்து, வாசி பிள்ளை எண்டு முன்னுக்கு இருந்தவர். நான் முதல் வரி வாசிச்சிட்டு அவரின்ர முகத்தைப் பாத்தனான். நீங்கள் சொல்லிக் குடுத்த மாதிரியே, ஒரு சொல்லும் மாறாமல் நானும் சொன்னனான்."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"நான் அப்பாவுக்காக அப்பிடி வாசிச்சனான்" என்றாள். "நீங்கள் ஆருக்காக ஐயா வாசிச்சனீங்கள்?"

நான் வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.